படைக்காத பொங்கல்

தைப்பூசம், 1934. இரவு.

பக்கத்து வீட்டுக் காமாட்சி அக்கா, காலையில் தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கிளம்புமுன் தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். "சாமிக்குப் படைச்சதை நாங்க சாப்பிட மாட்டோம்க்கா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். சாயங்காலம் சபையின் வாலிபர் கூட்டத்தில் அதையே சாட்சியாகச் சொன்னேன். எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பி வந்தபோது அக்கா குழாயடியில் அந்தத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ சாப்பிட மாட்டேன்னு எனக்குத் தெரியாதா மேரி? படைக்கிறதுக்கு முன்னாடியே உனக்குன்னு தனியா எடுத்து வெச்சேன். சாமிக்கே அப்புறந்தான்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஜெபம் பண்ண உட்கார்ந்தவள் எழுந்து வந்து இதை எழுதுகிறேன். அடுத்த கூட்டத்தில் இதையும் சாட்சியாகச் சொல்வேனா? மாட்டேன் என்று இப்போதே தெரிகிறது.