முள்ளங்கிப் புயலைப் பார்க்க வந்தவன்

கச்சேரிப் பயணத்தில் இருக்கும் என் டிரம்காரிக்கு,

நேற்று ஆஸ்பத்திரி வரவேற்பில் ஒரு பெண், "யாரைப் பார்க்க வந்தீங்க?" என்றாள். முப்பது வருடப் பழக்கத்தில், "முள்ளங்கிப் புயல்" என்று சொல்லிவிட்டேன். ஒரே இரவில் பல குழுக்கள் வாசிக்கும் அரங்குகளில், வாசலில் டிக்கெட் கிழிப்பவர்கள் அப்படித்தானே கேட்பார்கள்? எந்தக் குழுவின் பெயரை அதிகம் பேர் சொல்கிறார்களோ, அதைத்தானே மறுபடி அழைப்பார்கள்?

"அப்படி யாரும் இங்க அட்மிட் ஆகலையே, தாத்தா."

"ஆகப்போறது நான்தாம்மா. அது என் வீட்டுக்காரியோட பாட்டுக் குழு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் பயம் கொஞ்சம் விட்டது.

பிறகு உங்கள் கிட்டார்காரி சிஸுரு போன் செய்தாள். "வாத்தியாரே, நாகோயா கச்சேரியை விட்டுட்டு ஊருக்கு வரேன்னு உங்க வீட்டம்மா ஒத்தக் கால்ல நிக்கிறா. டிரம்மையும் நானே அடிக்கவா?"

வராதே. ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். ஆரம்ப நாட்களில் ஓசாகா அரங்க வாசலில் உங்கள் குழுவின் பெயரைச் சொன்னவன் நான் ஒருவன்தான். அன்றும் நீங்கள் நால்வரும் அரங்கு நிறைந்ததுபோல்தான் வாசித்தீர்கள். இந்தக் கணக்கு வாத்தியாரை அறுபத்தெட்டு வயதிலும் கூட்டத்தோடு குதிக்க வைத்தவள் நீ. அந்தக் குதிப்புகளுக்கெல்லாம் நன்றி.

வியாழன் காலை அறுவை சிகிச்சை. சின்னதுதான் என்கிறார் டாக்டர். வெள்ளி மாலை நீ நாகோயா மேடையில் இரு. செவிலி என் காதில் போனை வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரர் புகார் செய்யும்படி அடி.

உன் முதல் ரசிகன்