பிக் ரெட் மேட்டில் நோலீன்

ஜூலை 4, விண்டோரா

இன்றும் என் மனைவி நோலீன்தான் ஓட்டினாள், சக்கரம் வைத்த வீடான எங்கள் கேரவனைப் பின்னால் இழுத்துக்கொண்டு. டூவூம்பாவில் முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன், இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து கங்காருக்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறேன். போன ஆகஸ்டில் சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தேன். வருடம் முழுக்க மறுபடி வராமல் இருந்தால்தான் வண்டியைத் தொடலாம் என்றார் டாக்டர். இதுவரை வரவில்லை.

நானும் சும்மா வரவில்லைதான். கியரை மாத்து, ஓரம் போ, பின்னால கேரவன் ஆடுது பாரு...

"டிரைவரோட பேசாதேன்னு உன் பஸ்ல போர்டு மாட்டியிருந்தியே கிழவா, அது யாருக்கு?" என்றாள்.

கொஞ்ச நேரம் பேசாமல் வந்தேன். ரொம்பக் கொஞ்ச நேரம்.

ஜூலை 5

எங்கே பார்த்தாலும் ஈ. வாயைத் திறந்தால் மதியச் சாப்பாடு முடிந்துவிடும்.

ஜூலை 6, பேர்ட்ஸ்வில்

கேரவன்காரர்கள் தங்கும் முகாமுக்குள் யாராவது கேரவனை ரிவர்ஸில் நுழைத்தால் எல்லோருக்கும் அது சினிமா. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். நோலீனுக்கு மூன்று தடவை ஆயிற்று. எனக்கு ஒரு தடவை போதும். அதை உரக்கச் சொல்லியிருக்க வேண்டாம்.

பக்கத்து கேரவன் மெர்வின் பீர் டின்னோடு வந்தான். "ஏம்ப்பா, வீட்டம்மாவ மல்லுக்கட்ட விட்டுட்டு நீ கையக் கட்டிட்டு நிக்கிறியே?"

"தோள் வலி" என்றேன். எப்படி வந்தது அந்தப் பொய்? தானாக வந்தது.

உள்ளே வந்ததும் நோலீன் கேட்டாள்: "தோளா?"

"வலிப்புன்னு சொன்னா பச்சப்புள்ளயப் பாக்கிற மாதிரி பாப்பாங்க, நோல்."

"சரி. எந்தத் தோளுன்னாவது சொல்லி வை. நான் மாத்திச் சொல்லிடப் போறேன்."

ஜூலை 7

கேரவனை முகாமிலேயே கழற்றி வைத்துவிட்டு, வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு பிக் ரெட்டுக்குப் போனோம். சிவப்பு மணல், மலை மாதிரி. அடிவாரத்தில் முகாமே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. ஏறியவர்களுக்குக் கைதட்டல், பாதியில் சறுக்கியவர்களுக்கு அதைவிடப் பெரிய கைதட்டல்.

மணலில் புதையாமல் ஏற டயரில் காற்றை இறக்க வேண்டும். அதை நான்தான் செய்தேன், கஞ்சத்தனமாக. டயர் தொளதொளவென்று கிடந்தால் பஸ்காரன் கண் பொறுக்காது. நோலீன் ஏறினாள். பாதியில் சக்கரம் புதைந்து, பின்னாலேயே இறங்கி வந்தாள். மறுபடியும் அதே இடத்தில் அதே கதை.

"நல்லா மிதிக்கணும்! பயந்தா ஏறாது!" என்று கத்தினேன். எல்லோர் முன்னாலும். சீ, என்ன புத்தி இது.

அவள் இறங்கிக் குனிந்து, நாலு டயரிலும் இன்னும் காற்றை இறக்கினாள்.

மெர்வின் என் பக்கம் வந்தான். "நீயே ஒரு மிதி மிதிச்சிடு மாப்ள. ஒரு நிமிஷத்துல தோளு என்ன செத்தா போயிடும்?"

கால் தானாக நடந்தது. டிரைவர் கதவில் கை வைத்துவிட்டேன். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? இங்கே போலீஸா வரப் போகிறது? நோலீன் என்னையே பார்த்தாள். சாவியை நீட்டினாள்.

"என்னை நம்பாம நீ ஏறினா, நான் கீழேயே நின்னுக்கிறேன்" என்றாள். கோபமாகக்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை. நான் சாவியை வாங்கவில்லை.

உச்சியில் எதிரே வரும் வண்டி தெரியாது. அதனால் வண்டியில் உயரமாகக் கொடி கட்டி, ஏறும் முன் ரேடியோவில் சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டும். மேட்டில் இருக்கிற எல்லோருக்கும் அது கேட்கும். வண்டிக்குள் கையை விட்டு ரேடியோவை எடுத்தேன்.

"கொடி கட்டின வெள்ளை வண்டி மேல வருது. ஓட்டுறது என் பொண்டாட்டி நோலீன். எனக்கு வலிப்பு வந்திருக்கு, நான் ஓட்டக் கூடாது. தோள் வலின்னு சொன்னது பொய். இம்புட்டு தூரமும் கேரவனை இழுத்துட்டு வந்தது அவதான். வழி விடுங்க."

ரேடியோ கரகரத்தது. பிறகு உச்சியிலிருந்து யாரோ ஒரு பெண்மணி: "வழி காலியா இருக்கு நோலீன். வாடி தாயீ!"

போனாள். புதைந்த இடத்தில் வண்டி திணறியது. அப்புறம் மெதுவாக, நிதானமாக, அவசரமே இல்லாமல் ஏறி, வானத்தில் போய் நின்றாள். கீழே ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை, அத்தனை பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். நான்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கத்தினேன். என் பெண்டாட்டி! முப்பது வருடம் பஸ் ஓட்டியதற்குக் கொடுத்த கேடயத்தைக் கையில் வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமை இருந்ததில்லை.

ஜூலை 8

காலையில் மெர்வின் சாசேஜ் சுட்டுக் கொண்டுவந்தான். "எனக்கும் நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருக்கு. யார்கிட்டயும் சொல்லாத" என்றான். போகிற வழியில் அவனே மூன்று பேரிடம் சொன்னான்.

செப்டம்பர் 12, டால்பி

போன வாரம் டாக்டர், இனி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். இன்று வீட்டிலிருந்து மறுபடி கேரவனோடு கிளம்பும்போது நோலீன் சாவியை என் டீக்கோப்பை பக்கத்தில் வைத்தாள். டால்பிவரை நான்தான் ஓட்டினேன். கை மறக்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

டீ குடித்துவிட்டு வந்து, நான் பாட்டுக்கு இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.

"என்ன, அதுக்குள்ள களைச்சிட்டியா?"

"இல்ல. முன்னால மண் ரோடு வருது. மண்ணுல நீதான் கெட்டிக்காரி."

அவள் சுற்றி வந்து ஏறினாள். டிரைவர் சீட்டைத் தன் உயரத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டாள்.