பின்னங்கால்களாக நடித்த அப்பாவுக்கு

அப்பா,

போன வாரம் வீட்டுக்கு வந்த மல்லாட்டைக் கடலை கோணிச் சாக்கில் இருந்தது. இப்போதெல்லாம் எல்லாமே பிளாஸ்டிக் பை. சாக்கைப் பிரித்ததும் எழுந்த சணல் வாடையில் எனக்குத் தும்மல் வந்தது. தும்மல் நின்றபோது நீங்கள் நினைவில் இருந்தீர்கள். மாட்டின் உடம்பிலிருந்து வெளியே வந்து, வியர்வையும் தலையெல்லாம் நாருமாக.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக் குடியிருப்பில், மாட்டுப் பொங்கல் மாலை நாடகத்தில் யாரும் பேச மாட்டார்கள். கலை நோக்கம் எதுவும் இல்லை. தை மாதம் அரவை மாதம். ஆலையின் இரைச்சலில் மேடையில் என்ன கத்தினாலும் முதல் வரிசைக்கே கேட்காது. அதனால் எல்லாம் சைகைதான். ஆண்கள் புடவை கட்டி மாமியார் ஆவார்கள், பெண்கள் மீசை வைத்து நாட்டாமை ஆவார்கள். குடும்பம் குடும்பமாக நடிப்போம். மீதிப் பேர் பாய் விரித்துப் பார்ப்பார்கள்.

எல்லோரும் காத்திருந்தது மாட்டுக்காக. மூங்கில் கழியில் கோணி தைத்த அந்த மாட்டுக்குப் பக்கத்து வீட்டு ஃபிட்டர் தணிகாசலம் மாமா முன்பாதி, நீங்கள் பின்பாதி. அவருக்குத் துளை வழியாக வெளியே தெரியும். குனிந்து நிற்கும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வீர்கள். இடுப்பு திரும்பினால் திரும்ப வேண்டும், தாழ்ந்தால் உட்கார வேண்டும். “மொகத்த காட்டாமலே பேர் வாங்குன ஒரே நடிகன் நான்தான்” என்பீர்கள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்ட வருடத்தில் சாலைகளில் மரங்கள் வெட்டிக் கிடந்தன. கரும்பு வண்டி வராமல் நின்ற ஆலை பொங்கல் வரை ஓடவில்லை. மாமாவின் மகன் மறியலுக்குப் போயிருந்தான். “படிக்கிற புள்ளைய ஏன்யா அனுப்பற?” என்று கேட்டீர்கள். “ஒன் வூட்டுக்குத்தான் ஒதுக்கீடு கீதே. நீ இதுவும் பேசுவ, இன்னமும் பேசுவ” என்றார் அவர். இரண்டிலும் நியாயம் இருந்தது என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரே சுவரைப் பகிர்ந்த வீடுகள் நம்முடையவை. மாமா வேறு வரிசையில் வீடு கேட்டிருந்தார். அவர் போய்விட்டால் அவ்வளவுதான் என்று உங்கள் முகத்திலேயே எழுதியிருந்தது.

அந்தப் பொங்கலுக்கு மாடு வராது என்றுதான் நினைத்தோம். அம்மாதான் இருவரையும் கூப்பிட்டாள்.

“மாடு இல்லாம இன்னா மாட்டுப் பொங்கலு? உள்ள பூருங்க. பேசவா சொல்றோம், ஊம நாடகந்தான?”

“அதுக்கு இவுரு ரெண்டு மாசமா ஒத்திகை பாத்துக்கினுதான் கீறாரு” என்றாள் மாமாவின் மனைவி.

இருவரும் உள்ளே போனீர்கள். ஆனால் நீங்கள் அவர் இடுப்பைத் தொடவில்லை. முதுகுக் கழியைப் பிடித்துக்கொண்டீர்கள். கழிக்கு எப்போது உட்கார வேண்டும் என்று தெரியுமா? கூட்டம் கைதட்டியதும் அதுதான் இடம் என்று உட்கார்ந்துவிட்டீர்கள். மாமா மேடை ஓரத்தில் வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தார். தையல் பிரிந்து மாடு இரண்டானது.

“யோவ், பொறவால பாருய்யா” என்று பிள்ளைகள் கத்தினார்கள். “பாதி மாடு ஒக்காந்துகினு கீது, பாதி மாடு தண்ணி குடிக்கப் போவுது.”

ஊரே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. கோணி மூடிய தலையோடு நீங்கள் அசையாமல் இருந்தீர்கள். முன்பாதி அப்படியே மேடையிலிருந்து இறங்கிவிடும் என்று பயந்தேன். அது நின்றது. திரும்பிப் பார்த்தது. மெல்ல வந்து பின்பாதியை முகர்ந்தது.

ஆலை ஓடியிருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது. அன்று மாமா சொன்னது கடைசிப் பாய் வரைக்கும் கேட்டது.

“ஏந்திரிய்யா. இடுப்பப் புடி. எத்தினி வாட்டி சொல்றது?”

கோணிக்குள்ளிருந்து உங்கள் குரல்: “எப்பய்யா சொன்ன? நீதான் வாயே தொறக்கலியே.”

“மாடு பேசுது, மாடு பேசுது” என்று பிள்ளைகள் மேடையேறிவிட்டார்கள். நாடகம் அதோடு முடிந்தது.

ஒற்றுமைக் கதைகளை நான் எளிதில் நம்புகிறவள் இல்லை. ஒரு கோணி மாடு எந்தக் கேள்வியையும் தீர்த்துவிடவில்லை. மறுநாள் காலையே குழாயடியில் அதே ஒதுக்கீட்டைப் பற்றி இருவரும் உரக்கச் சண்டை போட்டீர்கள். நான் பயந்து அம்மாவிடம் ஓடினேன். அவள் அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்: “சண்டதான போடறாங்க. போடட்டும்.” மாமா வீடு மாறவில்லை. கடைசிவரை நீங்கள் இருவரும் ஒத்துப்போகவும் இல்லை.

நான் பாடம் எடுக்கும் வகுப்பில் இன்றும் அந்த ஒதுக்கீட்டுப் பேச்சு வரும். குரல் உயரும். யாராவது ஒருவர் முகம் சிவந்து, பையை எடுத்துக்கொண்டு எழுவார். நான் அதிகம் பேச மாட்டேன், உங்களுக்குத் தெரியும். “சொல்லவந்ததைச் சொல்லி முடித்துவிட்டுப் போ” என்பேன். அவ்வளவுதான்.

பெரும்பாலும் உட்கார்ந்துவிடுகிறார்கள், அப்பா.