வசந்திக்குக் கெடச்ச கனடா

நவ. 6, வியாழன்
காலைல இருந்தே தூறல். துணி காயல.
கனடாவுல குடியேறக் கேட்டதுக்குப் பதில் வந்திருச்சு. எங்க அகதி முகாம்ல ரெண்டு குடும்பத்தைப் பேட்டி எடுத்தாங்க. எடம் ஒண்ணுதான். பக்கத்து ஊட்டு வசந்திக்கு. எங்களுக்கு இல்ல.
காரணம் சரிதான். புருஷன் இல்லாதவ. மக நிலாவுக்குக் காது கேக்காது. நான் நர்ஸ், இவரு பெயிண்டர். "நீங்க இங்கயே நல்லாத்தான இருக்கீங்க"ன்னாங்க. இலங்கையில இருந்து படகுல வந்தது அம்மாவும் அப்பாவும். நான் பொறந்ததே மேட்டுப்பாளையம். இந்த ஊருப் பேச்சுதான், 'ங்க' போடாம வாய் தொறக்க வராது. ஆனா கையில இன்னும் அகதி அட்டை. வெளியூர்ல தங்கணும்னா முகாம் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். இதுக்குப் பேரு நல்லா இருக்கறதா?
வசந்தி கேசரி கொண்டாந்தா. "அக்கா, உங்களுக்குத்தான் மொதல்ல." முந்திரி நெறைய. எரிச்சல்.

நவ. 11, செவ்வாய்
லீவு போட்டு வசந்திக்குத் துணையா கோயமுத்தூர். மெடிக்கல் டெஸ்ட். பஸ்ல நின்னுட்டே.
டாக்டர் எக்ஸ்ரே பாத்துட்டு, "ஏனுங்க, நெஞ்சுல ஒரு தழும்பு தெரியுது. டிபி இருந்துச்சுங்களா?"
"இருந்துச்சுங்க. மருந்து முடிச்சுட்டேங்க." என் கையைப் புடிச்சுக்கிட்டா.
இதுலயே நின்னுபோகட்டும்னு நெனச்சேன். எழுதவே கூசுது. ஆனா நெனச்சேன். அவ போகலீனா அடுத்தது நாங்கதான?
டாக்டர் மறுபடி படத்தைப் பாத்தார். "பழைய தழும்புதானுங்க. பயப்படாதீங்க."
சிரிச்சேன். வசந்தி அழுதா. திரும்பி வர்றப்ப எனக்கும் சேத்து டிக்கெட் எடுத்தா.

ஜன. 25, ஞாயிறு
நல்ல குளிர். வசந்தி கெளம்பிட்டா.
வேன் ஏறறப்ப, "அக்கா, எனக்கு இங்கிலீஷ் ஒண்ணும் தெரியாது. இது நீங்க போக வேண்டிய எடம்."
"போய்ட்டு வா கண்ணு"ன்னேன். எங்க வர்றது. நிலா கையாட்டிட்டே போச்சு.


ஜன. 27, செவ்வாய்
முகாமைப் பாத்துக்கற ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. வந்தார். வசந்தி ஊட்டைக் கேட்டிருக்கறது ரெண்டு குடும்பம். நாங்க, ஒரு ரூம்ல நாலு பேரு. கடைசி வரிசை செல்வராணி, ஒரு ரூம்ல ஏழு பேரு, மாமனார் படுத்த படுக்கை.
"மொதல்ல கேட்டது நீங்கதான். ஆனா அவங்க ரொம்ப செரமப்படறாங்க. விட்டுக் குடுக்கறீங்களா?"
இவரு என்னைப் பாத்தாரு.
"எங்களுக்கே வேணுங்க"ன்னேன்.
சாவி குடுத்துட்டுப் போயிட்டார். சாயங்காலம் அந்த ஊட்டைத் தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன். செல்வராணி கொடத்தோட வாசல்ல நின்னு பாத்தா. நான் தலை தூக்கல.