தம்பி என்ற சொல்

போர்ட் மோர்ஸ்பி
6 ஜூலை 1975

அன்புள்ள ஸ்கொலா,

நீயும் குழந்தை கெயுவாவும் சுகமாகப் போய்ச் சேர்ந்ததாக உன் அண்ணன் செவரின் தந்தி அடித்திருந்தார். நீயே இரண்டு வரி எழுதியிருக்கலாம். உன் அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? ஒரு மாதம் என்று சொல்லிப் போனாய். மூன்று வாரம் முடிந்துவிட்டது.

நாடாளுமன்ற அவையில் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. செப்டம்பர் பதினாறு நம் நாட்டின் சுதந்திர நாள் என்று முடிவாகிவிட்டதால், அதற்குள் அரசியல் சட்டத்தைப் பிரிவு பிரிவாக நிறைவேற்றியாக வேண்டும். உறுப்பினர்கள் எங்கள் மோட்டு மொழியில் பேசுவதை நான் காலை முதல் மாலை வரை, நாடு முழுக்கப் புரிகிற பிஜின் மொழியில் ரேடியோவுக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி அறைக்குள் மின்விசிறி கிடையாது. சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்துவிடுகிறது.

என் அம்மா, இந்த அவைக் கட்டடம் வெள்ளைக்காரர் ஆஸ்பத்திரியாக இருந்தபோது பதினோரு வருடம் படுக்கை விரிப்புகளைத் துவைத்தவள். காய்ச்சல் வந்தால் அவளுக்கு அங்கே படுக்கக் கட்டில் கிடையாது. இப்போது தினமும் ரேடியோவில் என் குரலைக் கேட்கிறாள். “பின்வாசல் வழியாத்தான் என்னை விடுவாங்க. நீ முன்வாசல் வழியாப் போற. மெதுவா, தெளிவாப் பேசு” என்கிறாள்.

குழந்தைக்கு என் முத்தம்.

உன்
ஹிடோலோ


கியேட்டா
13 ஜூலை 1975

அன்புள்ள ஹிடோலோ,

அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கெயுவா நாள் முழுவதும் ஆற்றில் கிடக்கிறாள். எங்கள் மொழியில் வசவுகளைத்தான் முதலில் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

மாமாவின் ரேடியோவில் நாங்களும் அவையைக் கேட்கிறோம். உனக்கு இங்கே ‘ரேடியோ மாப்பிள்ளை’ என்று பெயர். “நல்லாத்தான் பேசுறான், யாரு சொல்லிக்கொடுத்தது?” என்று கேலி செய்கிறார்கள். நான்தான் என்று சொல்லிவிட்டேன். கல்லூரிக்கு வந்தபோது உனக்குப் பிஜினில் ‘பசிக்கிறது’ என்பதைத் தவிர எதுவும் தெரியாது, ஞாபகம் இருக்கிறதா?

இங்கே எல்லாரும் எங்கள் தீவு தனி நாடாகப் பிரிந்து போவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நீ எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்கிறார்கள். இன்னும் யோசிக்கவில்லை என்கிறேன்.

இன்னும் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறேன். கோபம் என்று நினைத்தால் நினைத்துக்கொள். உன் அத்தை எல்லார் முன்னிலையிலும், “இந்தக் கறுப்பி பெத்த பிள்ளைக்கு நம்ம பேரு எதுக்கு?” என்று கேட்டாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாய். அன்றிலிருந்து இன்று வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை நீ பேசவில்லை.

ஸ்கொலாஸ்திகா


கியேட்டா
20 ஜூலை 1975

ஹிடோலோ,

வெள்ளிக்கிழமை மாமா வீட்டில் முப்பது பேர் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எங்கள் தீவைப் பற்றிய பேச்சு. உன் குரல் வந்தது: “கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போன பொண்டாட்டி. பசி எடுத்தா தானா வருவா.”

முதலில் யாரும் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று மைதானத்தில் கூட்டம் நடந்தது. பேசியவன் அந்த வாக்கியத்தையே எடுத்துச் சொன்னான். “பொண்டாட்டின்னு நெனைச்சிட்டாங்க நம்மளை” என்றான். ஐந்நூறு பேர் கேட்டார்கள்.

அது யார் பேசியது?

ஸ்கொலாஸ்திகா


போர்ட் மோர்ஸ்பி
26 ஜூலை 1975

அன்புள்ள ஸ்கொலா,

உன் கடிதம் என்னை மிகவும் வருத்தியது. பேசியது ஓர் உறுப்பினர். நான் வெறும் வாய். அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் விதி. உறுப்பினர் சொன்ன அசட்டு உவமைக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? ஊரார் சிரித்தால் இதை அவர்களிடம் எடுத்துச் சொல்.

சுதந்திர நாளன்று கண்ணாடி அறையில் உட்காரப்போகும் மூன்று மொழிபெயர்ப்பாளர்களில் நானும் ஒருவன். நேற்றுத்தான் பட்டியல் வந்தது. அம்மா புதுச் சட்டைக்குத் துணி எடுத்துவிட்டாள். நீயும் கெயுவாவும் அன்று இங்கே இருக்க வேண்டும்.

உன்
ஹிடோலோ


கியேட்டா
5 ஆகஸ்ட் 1975

ஹிடோலோ,

செவரின் அண்ணன் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு அவைக் குறிப்பின் அச்சுப்படி வருகிறது. மோட்டுவில் பேசியதை அப்படியே ஒலிநாடாவிலிருந்து எடுத்து மொழிபெயர்த்துப் போடுகிறார்கள் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அந்த வெள்ளிக்கிழமையின், ஜூலை பதினெட்டாம் தேதிக் குறிப்பை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உறுப்பினர் சொன்னது இது: “கோபித்துக்கொண்டு போன தம்பி. பசித்தால் திரும்பி வருவான்.”

தம்பி. நான் நான்கு முறை படித்தேன்.

அண்ணனுக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. கூட்டத்தில் இன்னும் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உன்னை இழுத்து முச்சந்தியில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நீயே சொல்லிவிடு. யாரிடம் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

ஸ்கொலாஸ்திகா


போர்ட் மோர்ஸ்பி
14 ஆகஸ்ட் 1975

ஸ்கொலா,

வாய் தவறிவிட்டது என்று எழுதத் தொடங்கினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

அன்று காலை உன் கடிதம் வந்திருந்தது. இரண்டு மாதம் என்று எழுதியிருந்தாய். அத்தையைப் பற்றியும் எழுதியிருந்தாய். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அறைக்குள் போனேன். உறுப்பினர் ‘தம்பி’ என்றதும் என் வாயில் வேறு சொல் வந்தது. வந்ததைத் தெரிந்தேதான் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டிருப்பாய் என்பதும் தெரியும். உனக்கு மட்டும் உறைக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு தீவே கேட்கிறது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அத்தையிடம் பேச வாய் வராதவனுக்கு அங்கே வாய் வந்துவிட்டது.

திங்கட்கிழமை தலைமை மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன். “ஏன்யா செஞ்ச?” என்றார். வீட்டுச் சண்டை என்றேன். “வீட்டுச் சண்டைய நாட்டுத் தலையில கொண்டுவந்து போட்டியா?” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை அவை தொடங்கியதும் திருத்தத்தை என்னையே வாசிக்கச் சொன்னார்கள். உறுப்பினர் சொன்னது தம்பி என்றுதான், மனைவி என்று சொன்னது மொழிபெயர்ப்பாளனின் பிழை என்று பிஜினில் இரண்டு முறை வாசித்தேன். அந்த அறையில் நான் கடைசியாகப் பேசியது அதுதான். என்னை ஒலிநாடாக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். பட்டியலிலும் பெயர் இல்லை. அம்மாவிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னேன். அவள் தைத்த சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

அத்தை வீட்டுக்கும் போய்வந்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை.

நீ வருவாயா? இல்லையென்றால் நான் வரலாமா?

ஹிடோலோ


கியேட்டா
21 செப்டம்பர் 1975

ஹிடோலோ,

பதில் தாமதம். தபால் ஒழுங்காக இல்லை. நானும் உடனே எழுதவில்லை.

உன் திருத்தத்தை மாமா வீட்டில் எல்லாரும் கேட்டோம். அதனால் இங்கே எதுவும் மாறிவிடவில்லை. “தம்பின்னாலும் பொண்டாட்டின்னாலும், வீட்டுக்காரன் தான்தாங்கிற நெனப்புதானே?” என்றார் மாமா. செப்டம்பர் முதல் தேதி இங்கே தனிக்கொடி ஏற்றிவிட்டார்கள். நானும் போயிருந்தேன். கைதட்டினேன். அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

பதினாறாம் தேதி ஊரில் யாரும் ரேடியோவைத் திறக்கவில்லை. நான் மட்டும் அண்ணன் அறையில் மெதுவாக வைத்துக் கேட்டேன். உன் இடத்தில் பேசியவனின் பிஜின் சுமார்தான். பாதியில் அணைத்துவிட்டேன். அம்மா வாசலில் நின்றிருந்தாள். “அவன் இல்லையா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “தானாப் போய்ச் சொன்னானா, இல்ல பிடிச்சுட்டாங்களா?” என்றாள். நான் எழுதிக் கேட்ட பிறகுதான் சொன்னான், ஆனால் அவனே போய்ச் சொன்னான் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

நான் அங்கே வரப்போவதில்லை. நிலம் எங்களுக்குத் தாய்வழி. கெயுவாவுக்கு இங்கே நிலம் இருக்கிறது. அவள் பெயரை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே.

நீ வரலாம். மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார் இல்லை. அண்ணன் பாதிரியாரிடம் பேசிவிட்டார். கப்பல் கிடைப்பது கஷ்டம், அதனால் இப்போதே சொல்லி வை. வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் உன்னை உட்காரவைத்து அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்பார்கள். பிஜினில் கேட்க மாட்டார்கள், எங்கள் மொழியில்தான் கேட்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நான் உனக்கு மொழிபெயர்த்துச் சொல்லமாட்டேன். வசவு வந்தால் கெயுவாவிடம் அர்த்தம் கேட்டுக்கொள்.

ஸ்கொலா