முதல்ல வகுப்பு, பிறகு பூட்டு

ஜூன் 3

மக வீட்டுல மகாராணியா உக்காந்திருக்கிற என் வீட்டம்மாவுக்கு,

நான் சுகம். என் சமையல்ல உப்பு ஒரு நாள் அதிகம், மறுநாள் லீவு. உன் இருமல் எப்படி இருக்கு? நீ எப்ப வருவேன்னு பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார். நிலக்கரித் தூசி நின்னா அவ வருவான்னு சொல்லி வச்சிருக்கேன்.

அது நிக்கப் போகுது. நம்ம அனல்மின் நிலையத்த மூடுறாங்களாம். பல நாடுங்க சேந்து பணம் போட்டு, வெயில்லயும் காத்துலயும் மின்சாரம் எடுக்கப் போறாங்களாம். உனக்கு மூச்சு வரும், எனக்கு வேலை போகும். வேலையோட கம்பெனி வீடும் போயிடும். அப்புறம் மருமகன் வீட்டுலயா குந்திச் சாப்பிடறது? அவர் குறட்டைக்கு எங்க பாய்லரே தேவலாம்.

வியாழக்கிழமை அந்த நாட்டுக்காரங்களோட பேச்சுவார்த்தை. தொழிலாளிங்க பக்கம் என்னையும் உக்கார வைக்கிறாங்க. வாய் இருக்கிறவனத்தானே கூப்பிடுவாங்க.

உன் அடங்காத புருஷன்

ஜூன் 8

அன்புள்ளவருக்கு,

இருமல் குறைஞ்சிருக்கு. உங்க கடிதத்த மக சத்தமா படிச்சுட்டா. குறட்டை வந்த இடத்துல எல்லாரும் சிரிச்சோம், மருமகன் மட்டும் சிரிக்கல.

வெளிநாட்டுக்காரங்க முன்னாடி கேலி பேசி காரியத்தக் கெடுத்துடாதீங்க. நீங்க இங்க வந்து தங்க வேணாம். எனக்கு நம்ம வீட்டுக்கு வரணும். வேலையும் இருக்கணும், தூசியும் போகணும். அதுக்கு என்ன வழியோ கேட்டு வாங்குங்க.

உங்க வீட்டுக்காரி

ஜூன் 14

என் கண்டிப்பு வாத்தியாரம்மாவுக்கு,

வாய அடக்கினேன், குரலத்தான் அடக்க முடியல. நிலக்கரி ஓடுற பெல்ட் பக்கத்துல நின்னு காலமெல்லாம் கத்திப் பேசுன ஆளுங்க நாங்க. சின்ன அறையில எல்லாருமா வணக்கம் சொன்னதும், கலவரம்னு நெனச்சு அரசாங்க அதிகாரி கதவுப் பக்கம் நகந்துட்டார். மொழிபெயர்க்கிற பொண்ணு காதப் பொத்திக்கிச்சு.

வெளிநாட்டு அம்மா ஒருத்தங்க மட்டும் அசையல. சுரங்கத்துல வேலை பாத்தவங்களாம். எழுந்து நின்னு எங்களவிடச் சத்தமா அவங்க பாஷையில ஏதோ கத்துனாங்க. அந்தப் பொண்ணு தமிழ்ல சொல்லிச்சு: "எங்க அப்பாவும் சுரங்கக்காரர்தான், வீட்டுல தண்ணி கேக்கிறதே இப்படித்தான்." அவ்வளவுதான், நாங்க அவங்க கட்சி.

அவங்க ஊர்ல முதல்ல சுரங்கத்தப் பூட்டுனாங்களாம். பயிற்சி அப்புறம்னாங்களாம். பயிற்சி வந்தப்ப, கத்துக்கத் தெருவுல ஆளே இல்லையாம். அத மட்டும் மெதுவாத்தான் சொன்னாங்க. எங்க செவிட்டுக் காதுக்கும் கேட்டுச்சு. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாதுன்னுதான் எங்க சங்கம் என்னை அனுப்புச்சுன்னாங்க.

நான் எழுந்து, "முதல்ல வகுப்பு, பிறகு பூட்டு"ன்னேன். அந்த அம்மா மேசையத் தட்டுனாங்க. அதிகாரி மறுபடி கதவப் பாத்தார். ஆனா கையெழுத்தாயிடுச்சு. சம்பளத்தோட வெயில், காத்து மின்சாரப் படிப்பு, செலவு பணக்கார நாடுங்களோடது. புது வேலை கைக்கு வந்த பிறகுதான் கடைசி பாய்லர அணைப்பாங்க. வீடும் நமக்கே.

வகுப்பு நீ இருக்கிற ஊர்லதான். வீட்டுல இன்னொருத்தரும் சேரலாமாம். மருமகனச் சேத்துவிடவா? அஞ்சாம் வகுப்போட ஓடிவந்தவன் நான், இந்த வயசுல மறுபடி பெஞ்சுல. உனக்கு மட்டும் சொல்றேன், பயமாத்தான் இருக்கு.

உன் புது மாணவன்

ஜூன் 20

அன்புள்ளவருக்கு,

பயப்படாதீங்க. மருமகன் பேர எழுத வேணாம். நேத்தே நான் போய் என் பேரக் குடுத்துட்டேன். படிப்பு முடிஞ்சு, பாய்லரும் அணைஞ்சதும் ரெண்டு பேரும் சேந்தே வீட்டுக்குப் போவோம்.

ஒண்ணு மட்டும். வகுப்புல என் பக்கத்துல உக்காராதீங்க. நீங்க பேசிக்கிட்டே இருப்பீங்க, அவங்க என்னையும் சேத்து வெளிய அனுப்புவாங்க.

முன் பெஞ்சுலேருந்து,
உங்க வீட்டுக்காரி