டிக்கியை நீயே மூடு

கரம்பொன்,
ஊர்காவற்றுறை.
04.10.2025

அன்பின் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை அஞ்சலாவின் கையில் கொடுத்துவிடுகிறேன். யாக்கோப்பு அண்ணையின் மகள்தான். மச்சாளின் கலியாணத்துக்கு வந்தவ, புதன்கிழமை லண்டன் திரும்புகிறா. போனில் கதைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். போன் எடுத்தால் அம்மா வந்து பக்கத்தில் இருக்கிறா. வட்ஸ்அப்பில் எழுதினால், நாளைக்கு ஆராவது உங்கள் போனைப் பறித்துப் பார்த்தால் அதுவே சாட்சி. வாசித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

இங்கே எல்லாரும் சுகம். எனக்கு இன்னும் நெடுந்தீவில்தான் வேலை, அதே மின்நிலைய ஜெனரேட்டர்தான். கடல் விட்டால் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறேன். சுகம் விசாரித்தது போதும், விசயத்துக்கு வருகிறேன்.

தம்பியைப் பிரான்சில் இருந்து லண்டனுக்கு உங்கள் காரில் ஏற்றி வரப் போகிறீர்களாம். பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளைகளோடு சுற்றுலாப் போகிற மாதிரிக் காரைக் கப்பலில் ஏற்றிப் பிரான்சுக்குப் போவது. கலே துறைமுகத்துக்குப் பக்கத்தில் கூடாரத்தில் கிடக்கிற சுஜிதனை டிக்கிக்குள் படுக்கவைத்து, மேலே போர்வையும் பெட்டியும் அடுக்கி, அதே கப்பலில் திரும்புவது. பின்சீற்றில் பிள்ளைகள் இருந்தால் காரைத் திறக்கமாட்டார்கள் என்று உங்களுக்கு ஆரோ சொன்னதாம். சொன்னவர் தன் பிள்ளைகளை வைத்து ஒருக்கால் செய்து காட்டட்டும்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். அம்மா நினைக்கிற மாதிரிச் சோதனை லண்டன் கரையில் இல்லை. இங்கிலாந்துக்காரன் தன் ஆட்களைப் பிரான்சுக் கரையிலேயே இருத்தியிருக்கிறான். கப்பலில் ஏறுவதற்கு முன்னமே பிடிபட்டால் பிரான்சிலேயே இறங்க வேண்டியதுதான். கார் போய்விடும். உங்களுக்கு மறியல், கம்பிக்குள் இருக்க வேண்டும். பிள்ளைகளை ஆர் பொறுப்பெடுப்பது என்று அரசாங்கம் முடிவு செய்யும், அத்தான் இல்லை.

இரண்டாவது, நான் படித்த படிப்பில் இருந்து சொல்லுகிறேன். ஜெனரேட்டரின் அச்சைத் தாங்குகிற பெயரிங் பழுதாகிறதா என்று பார்க்க நாங்கள் காந்தம் வைத்த ஒரு சின்னக் கருவியை ஒட்டுவோம். காதுக்குக் கேட்காத அதிர்வை அது சொல்லும். அதே சாதியான கருவியை அவர்கள் வாகனத்தில் ஒட்டி, எஞ்சினை நிறுத்தச் சொல்லுவார்கள். உள்ளே ஒரு ஆள் இருந்தால் அந்த ஆளின் நெஞ்சு அடிக்கிறது தெரியும். எத்தனை போர்வை போட்டாலும் அதை நிற்பாட்ட ஏலாது. கருவி இல்லாவிட்டால் நாய். நாயும் இல்லாவிட்டால் கண். அவன் ஆறடி. உங்கள் காரின் பின்பக்கம் தாழ்ந்து நிற்பதைப் பார்க்க என்ன படிப்பு வேண்டும்?

அம்மா நயினாதீவுக்குப் போய் அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தவ. வெள்ளைப்பூ வந்ததாம், ஆனபடியால் உத்தரவாம். உங்களுக்கும் சொல்லியிருப்பா. அம்மன் வெள்ளைப்பூ தந்ததை அந்த நாய்க்கு ஆர் போய்ச் சொல்லுவது என்று கேட்டேன். அன்று இரவு எனக்குச் சோறு போடவில்லை.

அத்தானுக்கு இன்னும் சொல்லவில்லை என்றும் அறிந்தேன். தயாபரன் அத்தான் இரவெல்லாம் பெற்றோல் நிரப்புகிற செற்றில் வேலைக்கு நின்று கட்டின குடும்பம் அது. அவருக்குச் சொல்லேலாத காரியம் என்றால் அது பிழையான காரியம் என்று உங்களுக்கே தெரியும்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள். அவனைப் பாருங்கள், சாப்பாடு கொடுங்கள், நல்ல குளிர்ச்சட்டை வாங்கிக் கொடுங்கள். காரின் பதிவுப் பத்திரத்தைக் கையோடு கொண்டு போங்கள். இன்சூரன்ஸ் பிரான்சுக்கும் செல்லுமா என்று முதலே கேளுங்கள். முன்லைற்றுக்கு ஒட்டுகிற ஸ்ரிக்கர் வாங்குங்கள். அங்கே எதிர்ப்பக்கத்தால் ஓட வேண்டும், உங்கள் லைற் வருகிறவன் கண்ணில் அடிக்கும். வட்டச் சந்தியில் பழக்கதோசத்தில் இடப்பக்கம் திரும்பிவிடாதீர்கள். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, போன கார் போனமாதிரியே திரும்பி வர வேண்டும். கூட ஒரு ஆள் ஏறக்கூடாது.

அவன் பிரான்சிலேயே அகதிக் கேஸ் போடட்டும். பாரிசில் டெனிஸ்ரன் இருக்கிறான், என்னோடு படித்தவன். அறை தருகிறான் என்று எனக்கு வாக்குத் தந்திருக்கிறான். லண்டன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவனுக்கு அக்காவாகிய நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கோபம் வந்தால் வரட்டும். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தம்பி சிவகரன்


நெடுந்தீவு,
20.10.2025

அன்பின் தம்பி சுஜிதன்,

இதைப் படம் பிடித்து டெனிஸ்ரனின் போனுக்கு அனுப்புகிறேன். சனிக்கிழமை பாரிசில் இருந்து சாப்பாடு கொண்டு வரும்போது உனக்குக் காட்டிவிட்டு அழிப்பான். உன் போனில் இது இருக்கக்கூடாது.

அக்கா என் கடிதத்தை வாசித்துவிட்டா. போன் எடுத்தா. நான் எழுதின ஒன்றுக்கும் பதில் இல்லை. கருவியைப் பற்றிக் கேட்கவில்லை, நாயைப் பற்றிக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னா: "அவன் மழைக்குள்ள கிடக்கிறான் சிவா, நான் ஹீற்றர் போட்டுப் படுக்கிறன்." அம்மா பகலில் அவவுக்கு எடுத்து அழுகிறா, அவ பின்னேரம் அம்மாவுக்கு எடுத்து அழுகிறா. இரண்டு பேரும் மாறி மாறி அழுது நாளைக் குறித்துவிட்டார்கள். அடுத்த கிழமை வெள்ளி, 31ஆந் திகதி. அத்தானிடம் பிள்ளைகளுக்குக் கடற்கரை காட்டப் போவதாகச் சொல்லியிருக்கிறா.

அக்காவால் இனி மாட்டேன் என்று சொல்ல ஏலாது. அம்மாவால் ஏலாது. நான் சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை. மிச்சம் நீ ஒருவன்தான். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

ஏறாதே.

அக்காவுக்கு முன்கூட்டிச் சொல்லாதே. சொன்னாலும் வருவா, வந்து உன் கையைப் பிடித்து இழுப்பா. வரட்டும். புட்டும் கோழிக்கறியும் கொண்டுவருவா, சாப்பிடு. பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் விளையாடு. சின்னவள் உன்னைப் படத்தில்தான் கண்டவள். அதற்குப் பிறகு அக்கா டிக்கியைத் திறப்பா. அந்தக் கார் எவ்வளவு சின்னது என்று அப்போது நீயே காண்பாய். உன்னை மடித்து வைக்க நீ என்ன பாயோ? அந்த நேரம் அவவின் முகத்தைப் பார்க்காதே. பார்த்தால் ஏறிவிடுவாய். எனக்கு உன்னைத் தெரியும்.

நீ பயந்தவன் என்று நான் சொல்லவில்லை. பயம் இல்லாததுதான் உன் வருத்தம், மருந்து இல்லாத வருத்தம். பிடிபட்டால் என்ன, திருப்பி அனுப்பினால் திரும்பவும் வருவேன் என்று டெனிஸ்ரனிடம் சொன்னாயாம். உனக்கு அப்படித்தான். பிடிபட்டால் நீ கூடாரத்துக்குத் திரும்புவாய், அவ்வளவுதான். காரை ஓட்டினவ எங்கே திரும்புவா? ஆவணம் உள்ள ஆள், வீடு உள்ள ஆள், பிள்ளை உள்ள ஆள். அவர்கள் பிடிக்க விரும்புவது அந்த ஆளைத்தான். நீ டிக்கிக்குள் இருட்டில் படுத்திருப்பாய். முன்னுக்கு இருந்து அவ கண்ணாடியை இறக்க வேண்டும், பாஸ்போட்டை நீட்ட வேண்டும், பொய் சொல்ல வேண்டும். பின்னுக்கு இருந்து பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். சின்னவளுக்கு வாய் சும்மா இருக்காது. மாமா பின்னுக்கு நித்திரை என்று அவள் சொன்னால் கதை முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கத் தன்னாலேதான் அம்மா மறியலுக்குப் போனவ என்று நினைக்கும்.

இதை அக்காவுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

அவ டிக்கியைத் திறந்தால், நீ வெளியே நின்று உன் கையால் மூடு. வேறு ஒன்றும் கதைக்க வேண்டாம். பிறகு டெனிஸ்ரனுக்குப் போன் அடி, அவன் வந்து ஏற்றுவான்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. நேற்றுப் படகு ஓடவில்லை. சாப்பாட்டைக் கவனி.

அண்ணன்,
சிவகரன்


கரம்பொன்,
02.11.2025

அன்பின் தம்பிக்கு,

நீ போனை எடுக்கவில்லை. எடுக்காதே. இந்த முறை இதை உன் போனுக்கே அனுப்புகிறேன், இனி ஒளிக்க ஒன்றும் இல்லை.

அக்கா வீடு போய்ச் சேர்ந்துவிட்டா. நீ மூடினாய் என்று சொன்னா. மூடிவிட்டுப் பின்கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டி, பஸ்காரனுக்குக் காட்டுகிற மாதிரிப் போகலாம் என்று கையைக் காட்டினாயாம். இதைச் சொல்லும்போது அவ அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மிச்சத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், நீ வேறு ஆர் வாயாலும் கேட்க வேண்டாம். சோதிக்கவில்லை. கப்பலடியில் பாஸ்போட்டைப் பார்த்தார்கள். பின்சீற்றில் நித்திரையாய்க் கிடந்த பிள்ளைகளைப் பார்த்து ஒருத்தி சிரித்தாவாம். போகச் சொன்னார்கள். கருவி இல்லை, நாய் இல்லை, டிக்கியை ஒருவரும் தொடவே இல்லை.

அக்கா இதை முதலில் அம்மாவுக்குத்தான் சொன்னா. அம்மா போனை மேசையில் வைத்துவிட்டு, "இப்ப என்ர பிள்ளை லண்டனில நிண்டிருப்பான்" என்று சொன்னா. என்னைப் பார்த்துத்தான் சொன்னா. அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு மூடிவைத்திருக்கும், நான் எடுத்துச் சாப்பிடுவேன்.

சோதிப்பார்கள் என்று நான் எழுதினேன். சோதிக்கவில்லை. இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. எல்லாக் காரையும் திறக்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். இந்தக் காரைத் திறக்கமாட்டார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கும் கேட்டால் ஏறாதே என்றுதான் சொல்லுவேன். நீ என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நினை.

ஆனால் டெனிஸ்ரன் சொன்னது உண்மையா? ரப்பர் படகில் ஆள் அனுப்புகிறவர்களோடு கதைத்துவிட்டாயாம். அவன் தடுத்தபோது, "நாங்கள் தீவார், எங்களுக்கென்ன தண்ணியோ புதுசு?" என்று சிரித்தாயாம்.

நீ எந்தக் கடலை ஓடினாய்? குறிகாட்டுவான் துறையில் ஏறினால் படகோட்டி நேற்றும் போய் வந்தவன், முந்தாநாளும் போய் வந்தவன். கடல் கொஞ்சம் புரண்டால் நேவி படகை விடாது. நாங்கள் இறங்குதுறையில் நின்று ஏசுவோம், பிறகு வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே ஏசவும் ஆளில்லை, திருப்பவும் ஆளில்லை. அந்தப் படகின் எஞ்சின்களைப் படத்தில் பார்த்தேன். அத்தனை பேரை அது இழுக்காது. நடுவில் நின்றால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பும். பிறகு நடப்பதை உனக்கு நான் எழுதத் தேவையில்லை.

இன்னொன்று. அனுப்புகிறவன் படகில் வரமாட்டான். ஏறுகிறவர்களில் ஒருவனிடம்தான் எஞ்சினைக் கொடுப்பான். நீ தீவான் என்று வாய் தவறிச் சொன்னால் அந்தக் கைபிடியை உன்னிடம்தான் தருவான். காசையும் குறைப்பான், உனக்குப் பெருமையாக இருக்கும். அந்தக் கரையில் இறக்கினதும் ஓட்டினவன் எவன் என்றுதான் முதலில் தேடுவார்கள். பிள்ளைகுட்டியோடு வந்தவர்களை உள்ளே எடுப்பார்கள், ஓட்டின உன்னை மறியலுக்கு எடுப்பார்கள். போய்ச் சேர்ந்தாலும் அப்படி. போய்ச் சேர்ந்தால்.

காரில் ஏற வேண்டாம் என்று சொன்னவன் நான். அந்தக் காரில் ஏறாததால் நீ இந்தப் படகில் ஏறினாய் என்றால்

இந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அம்மா கதிரைக்குப் பக்கத்தில் நின்று கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. கண்ணாடி போடவில்லை, என்ன வாசித்தாவோ தெரியாது. தம்பிக்கோ என்று கேட்டா. ஓம் என்றேன். பிறகு சொன்னா: "தண்ணியால வரவேண்டாமெண்டு எழுது. லண்டனும் வேண்டாமெண்டு எழுது. நான் சொன்னதெண்டு எழுது."

எழுதிவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலமை டெனிஸ்ரன் தன் காரில் வருவான். சாப்பாடு தருகிற அந்தச் சந்தியிலேயே நிற்பான். நீ வருகிறவரைக்கும் நிற்கச் சொல்லியிருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு வருகிறான், அவசரம் இல்லை என்றான். உடுப்புப் பையைப் பின்னுக்குப் போடு. நீ முன்னுக்கு அவனுக்குப் பக்கத்தில் இரு. பெல்ற்றைப் போடு. பாரிசுக்குப் போகிற வழியில் ஒரு எல்லையும் இல்லை.

ஏறினதும் எனக்கு எடு. ஏச வேண்டியதை எல்லாம் ஏசு, நான் குறுக்கே கதைக்கமாட்டேன். நீ முடிக்கிற வரைக்கும் போனை வைக்கமாட்டேன்.

அண்ணன்,
சிவகரன்